குமிழ்த்தடியில் ஒரு கொசு முகம்: கியோகென் முகமூடி செய்யும் விதம்

ஜப்பானின் கியோகென் நாடகத்தைப் பார்க்கப் போகிறவர், எல்லாரும் முகமூடியோடு வருவார்கள் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவார். கனமான நோ நாடகங்களுக்கு நடுநடுவே ஆடும் சிரிப்பு நாடகம் இது. எஜமானும் வேலைக்காரன் தாரோ காஜாவும் வெறும் முகத்தோடுதான் மேடைக்கு வருவார்கள். பெண் வேடம் போடும் ஆணுக்கும் பெரும்பாலும் முகமூடி கிடையாது. பினான் என்கிற வெள்ளைத் துணியை, ஏறத்தாழ 5 மீட்டர் நீளம், தலையில் சுற்றி இரண்டு முனைகளையும் காதோரம் தொங்கவிட்டால் அவர் பெண்.

அப்புறம் முகமூடி எதற்கு? மனிதன் அல்லாததற்கு. சாமி, பேய், குரங்கு, நரி, நண்டு, கொசு, காளான். இல்லாவிட்டால் மனிதனே பேயாகவோ சிலையாகவோ ஏமாற்ற நினைக்கும்போது. அதுவும் இல்லாவிட்டால் பல் போன கிழவன், மாப்பிள்ளை பார்த்ததும் ஓடுகிற மாதிரியான மணப்பெண். இன்று ஆடப்படும் கியோகென் நாடகங்கள் சுமார் 260. முகமூடி வகைகளோ ஏறத்தாழ 20தான். நோவில் இதைவிடப் பல மடங்கு உண்டு.

நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இதைச் செதுக்க உட்கார்ந்தால் முதலில் இடறுவது உளியில் அல்ல, சிரிப்பில். தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பாருங்கள். திரையில் நிழல் விழுந்த உடனேயே பிள்ளைகள் சிரிக்கும், தலையின் உருவமே பாதி வேலையை முடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் கியோகென் முகமூடியையும் வேடிக்கையாகச் செதுக்கினால், நடிகர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நகைச்சுவை தீர்ந்துபோகும். அரை மணி நேரம் அந்த ஒரே முகத்தை யார் பார்ப்பது? கியோகென் முகம் தன்னை வேடிக்கை என்று நினைக்கக்கூடாது. பேய் தன்னைப் பயங்கரமான பேய் என்றே நம்ப வேண்டும்.

புஆக்கு என்ற பேய்முகத்தில் இது பளிச்சென்று தெரியும். நோ நாடகத்தில் பெஷிமி என்று ஒரு பேய்முகம் உண்டு, வாயை இறுக மூடி உறுமுவது. அதன் கியோகென் பங்காளிதான் புஆக்கு. மேல்பல் வரிசை கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். வாயை மட்டும் பார்த்தால் மிரட்டல்தான். ஆனால் கண்ணின் வெளிமுனை இரண்டும் கீழே சரிந்து, பசியில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். புதுவீட்டு முன்னால் கட்டுகிற திருஷ்டிப் பொம்மையில் கண், மூக்கு, நாக்கு எல்லாம் ஒரே திசையில் பயமுறுத்தும். புஆக்குவில் வாய் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். கண்முனையை மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கினால் அது கியோகென் பேயாக இருக்காது, அவ்வளவுதான் இடைவெளி. ‘ஓபா கா ஸாகே’ நாடகத்தில் மருமகன் இந்தப் பேய்முகத்தை மாட்டி, சாராயம் விற்கும் அத்தையை மிரட்டிக் குடிக்கிறான். போதை ஏறினதும் முகமூடியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். அத்தை ஒரு முழங்காலைப் பார்த்து நடுங்குகிற காட்சி எடுபடுவதற்குக் காரணம், அந்த முகம் அப்போதும் தன்னைப் பேய் என்று நம்பிக்கொண்டே இருப்பதுதான். முழங்காலில் நிற்கிற மாதிரி பின்பக்கக் குடைவு இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

கென்தோகு எங்களுக்குப் பிடித்தது. குதிரை, மாடு, நாய், நண்டு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே முகம். கருவிழி இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், மேல்பல் தெரியும். நேராகப் பார்க்காத அந்தப் பார்வைதான் மிருகம். மற்றதெல்லாம் நடிகர் உடம்பில். குரங்குக்கும் நரிக்கும் தனித்தனி முகம் உண்டு. கியோகென் நடிகரின் படிப்பு குரங்கில் தொடங்கி நரியில் முடியும் என்பார்கள். சின்னப் பிள்ளையாக ‘உட்சுபோசாரு’வில் குரங்காக ஏறுவார், தேறின பிறகு ‘சுரிகிட்சுனே’யில் நரியாக வருவார். அதில் நரி, கிழச் சாமியாராக வேடம் போட்டு வருவதால் முதல் பாதிக்கு ஹகுஸோசு என்ற சாமியார் முகம், இரண்டாம் பாதிக்கு நரிமுகம்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது உஸோஃபுகி. சீட்டியடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்த முகம். ‘கா-ஸுமோ’வில் ஓமி நாட்டு மோரியாமாவிலிருந்து மல்யுத்தம் செய்ய வரும் கொசு, ‘குசபிரா’வில் மந்திரம் சொல்லச் சொல்லப் பெருகும் காளான், ‘உரினுசுபிதோ’வில் தோட்டக்காரன் போடும் சோளக்கொல்லைப் பொம்மை வேடம், மூன்றுக்கும் இது பொருந்தும். சுருக்கமும் மேடு பள்ளமும் நிறைய இருப்பதால் சின்னத் தப்பு மறைந்துவிடும். ஓத்தோ என்ற மணப்பெண் முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். உப்பிய கன்னமும் சிறிய கண்ணும் பார்க்க எளிதாகத் தோன்றும். வழவழப்பான பரப்பில் ஒரு உளித்தடம் மிஞ்சினாலும் வெள்ளைப் பூச்சுக்கு மேலே தழும்பாகத் தெரியும்.

இனி தடி, அதாவது செதுக்கும் மரம். ஜப்பானில் ஹினோகி, நல்லதென்றால் கிஸோ பள்ளத்தாக்கிலிருந்து வருவது. லேசான மரம், நேரான ரேகை, கூரான உளியில் வெண்ணெய் மாதிரி வரும். நமக்கு அது கிடைக்காது, வேண்டியதும் இல்லை. குமிழ் மரம் போதும். கதகளி கிரீடத்துக்குக் குமிழைத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணமில்லாமல் எடுக்கவில்லை: உலர்ந்த பிறகு முறுக்கிக்கொள்ளாது, வெடிப்பு குறைவு, கனமும் குறைவு. ஏழிலைப்பாலை இன்னும் லேசு, செதுக்கச் சுகம். ஆனால் வெட்டின சில நாளிலேயே நீலம் பாயும், வண்டு துளைக்கும். பலா கனம், நடிகர் கழுத்து சொல்லும். நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் தடியை எடுத்துவிடாதீர்கள். கனம் ஒரு பக்கம், மருந்து ஏற்றாத ரப்பரில் பூஞ்சையும் வண்டும் மரம் விழுந்த வாரத்திலேயே குடியேறிவிடும். பூச்சுக்கு அடியிலிருந்து மாவு உதிரும்போது செய்ய ஒன்றும் இருக்காது.

அறுப்பு மில்லில் கேட்க வேண்டியது 22 செ.மீ. நீளம், 15 அகலம், 9 கனம். ரேகை நெற்றியிலிருந்து தாடைக்கு ஓட வேண்டும். தடியின் நடுக்குருத்து கட்டைக்குள் வரக்கூடாது. வந்தால், எத்தனை வருஷம் கழித்தானாலும் அங்கிருந்துதான் மூக்குவரை பிளக்கும். இரண்டு முனைகளிலும் பெயின்ட் அடித்து, நிழலில், அடியில் சட்டம் கொடுத்துக் குறைந்தது ஆறு மாசம் போடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் நேராக வைத்தால் வெளித்தோல் முதலில் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், முனை வாய் பிளக்கும். குளச்சல் மாதிரி கடலோரம் என்றால் எதிர்ப்பிரச்சினை: காய்வதற்குள் பூஞ்சை. மாசம் ஒரு தடவை எடை போட்டு எழுதிவையுங்கள். இரண்டு மாசம் எடை மாறாமல் நின்றால்தான் உளி.

அளவு அட்டை இல்லாமல் தொடங்காதீர்கள். ஜப்பானிய மரபில் முகமூடி என்பதே பழைய முகத்தின் நகல். பழசில் உள்ள கீறலையும் தேய்மானத்தையும்கூட விடாமல் எடுக்கிற ஆட்கள் அவர்கள். குறைந்தது ஆறு அட்டை வேண்டும். நெற்றியிலிருந்து தாடைவரை நடுக்கோட்டின் பக்கவாட்டு வெட்டு ஒன்று; நெற்றி, கண், மூக்கு நுனி, வாய், தாடை மட்டத்தில் குறுக்கு வெட்டு ஐந்து. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு நல்ல தடிமன். அட்டையை முகத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும். கடைசி நாள்வரை எல்லா இடத்திலும் 2 மி.மீ. மிச்சம் இருக்கட்டும்.

உஸோஃபுகியில் மிக உயர்ந்த புள்ளி மூக்கு அல்ல, உதட்டு நுனி. அதை முதலில் குறித்து, அடுத்து மூக்கு நுனி, அப்புறம் புருவ மேடு என்று உயரத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வாருங்கள். ஆசை தாங்காமல் கண்ணை முதலில் தோண்டுகிறவர்களே அதிகம். தோண்டின பிறகு புருவத்தைத் தூக்க மரம் இருக்காது. முகம் தூங்கிவிடும், கொசு தூங்கினால் என்ன நாடகம்?

வாய்தான் இந்த முகத்தின் வேலை. வெளியே துவாரம் 12 மி.மீ. போதும். உள்ளே அதையே 3 செ.மீ. அகலத்தில் தொடங்கி, புனல் மாதிரி ஒடுக்கிக்கொண்டு வர வேண்டும். கியோகென் பேச்சு நாடகம். நடிகர் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து வீசுவார். உள்பக்கம் தட்டையாக விட்டால் குரல் மரத்தில் மோதி அவர் காதுக்கே திரும்பும்; பார்க்கிறவருக்குப் பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். இன்னொன்று, கொசு வேடத்தில் இந்தத் துவாரத்தில் சுருட்டின வெள்ளைத் தாளைச் செருகுவார்கள், அதுதான் கொடுக்கு. துவாரம் நுனிவரை கூம்பாகவே போனால் தாள் நிற்காது, முதல் குதியலில் விழும். கடைசி 5 மி.மீ. மட்டும் நேர்க்குழலாக விடுங்கள். தாளையும் ஒரே கனத்தில் சுருட்டாமல் அடியில் ஒரு சுற்று கூடுதலாக விட்டால் பிடித்துக்கொள்ளும். எஜமான் பெரிய விசிறியால் வீசும்போது கொசு தள்ளாட வேண்டும், கொடுக்கு பறந்துவிடக் கூடாது.

கன்னத்துச் சுருக்கங்கள் வாயை நோக்கி இழுபட்டு வரும். பக்கத்துக்கு மூன்று போதும். இடமும் வலமும் கண்ணாடி பார்த்த மாதிரி ஒத்திருக்க வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்தான் நடிகர் தலையைத் திருப்பும்போது முகம் மாறுகிற மாதிரி தெரியும். சுருக்கத்தை ‘வி’ வடிவ உளியால் கோடாகக் கீறாதீர்கள், அது கத்திக்காயம் மாதிரி இருக்கும். இரண்டு மேடுகளைச் செதுக்கினால் நடுவில் பள்ளம் தானாக வரும்.

பின்பக்கம் குடையும்போது ஓரம் 6–7 மி.மீ., நடுவில் 8–10 மி.மீ. விடுங்கள். உதட்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தடிமன். விரலால் சுண்டிப் பார்த்தால் மெலிந்த இடம் உயர்ந்த சத்தம் கொடுக்கும். முடித்த முகம் 250 கிராமுக்குள் நிற்கட்டும். முகமூடி நடிகரின் முகத்தைவிடச் சிறியதாகத்தான் இருக்கும், கீழே அவர் தாடை தெரியும். அது குறை அல்ல, பெரிதாக்க வேண்டாம்.

பூச்சுக்கு வருவோம், பாதி முகமூடி கெடுவது இங்கேதான். ஜப்பானில் பூசுவது கோஃபுன்: வருஷக்கணக்கில் வெயில் மழையில் போட்டு இற்றுப்போன சிப்பியை அரைத்த பொடி. கட்டுவது நிகாவா, அதாவது தோல்பசை. சிப்பிக்கு நம்மூரில் என்ன பஞ்சம் என்று சூளைச் சுண்ணாம்பை எடுத்துவிடக் கூடாது. சிப்பியைச் சுட்டால் அது வேறு பொருள். சுண்ணாம்பின் காரம் பசையையும் அரிக்கும், மேலே வரும் நிறத்தையும் மாற்றும். சுடாத சிப்பிதான் வேண்டும். கடற்கரையில் பொறுக்கினது என்றால் பத்து நாளாவது நல்ல தண்ணீரில் ஊறட்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பு மிஞ்சினால் ஐப்பசி மழையில் முகம் வியர்க்கும். இடித்த பொடியைத் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிஷம் விட்டு, மேலே நிற்கும் பால் நிறத் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிடுங்கள். அடியில் படிகிற மாவுதான் பூச்சு. இவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் புட்டிக்கு விற்கும் சாக் பவுடர் பரவாயில்லை, அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ‘பிரெஞ்சு சாக்’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அது டால்க் கல், வழுக்கும், ஒட்டாது.

பசைக்கு ஆசாரிமார் பழைய வஜ்ரம், அதாவது நம்மூர்த் தோல்பசை, நல்லது. 10 கிராமை உடைத்து 100 மி.லி. தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரி போதும். கொதித்த பசை கெட்ட பசை, பிடிப்பு போய்விடும். நம்ம வெக்கையில் இரண்டாம் நாளே நாறும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் சண்டை வந்தால் நாங்கள் பொறுப்பில்லை. வெள்ளை மரப்பசையைக் கலக்கிற குறுக்குவழி வேண்டாம். உப்புத்தாள் போட்டால் பிளாஸ்டிக் மாதிரி உருண்டு வரும்.

மரத்துக்கு முதலில் வெறும் பசைத்தண்ணீர் ஒரு கை பூசுங்கள். பிறகு மாவும் பசையும் மோர்ப்பதத்தில் ஏழெட்டு கை, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது, ஒரு தடவை குறுக்கே, ஒரு தடவை நெடுக்கே. மேலே போகப் போகப் பசை குறைய வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் மற்றதெல்லாம் வீண்: மேல்பூச்சு அடிப்பூச்சைவிட வலுவாக இருந்தால் காயும்போது சுருங்கி, கீழே உள்ளதையும் பிய்த்துக்கொண்டு ஏட்டோடு வரும். விரலால் தேய்த்து மாவு ஒட்டினால் பசை குறைவு. வலைவலையாக வெடித்தால் பசை அதிகம் அல்லது பூச்சு கனம். மின்விசிறிக்கு நேரே காயவைத்தாலும் வெடிக்கும். 240 உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடியுங்கள். சுருக்கத்துக்குள் மாவு அடைந்துபோகும், மூங்கில் சீவலில் உப்புத்தாள் சுற்றித் திறக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மேல்பூச்சில் காவியும் கொஞ்சம் கறுப்பும் கலந்த தோல்நிறம் போதும், பளபளப்பு கூடாது. வெளிச்சத்தில் மின்னுகிற முகம் பிளாஸ்டிக் பொம்மை.

கண்ணுக்கு உலோகம். மனிதன் அல்லாததற்குப் பொன் கண் என்பது அங்கே பழைய வழக்கம். மெல்லிய செப்புத் தகட்டைக் குவித்துத் தட்டி, நடுவில் துளையிட்டு, பொன் முலாம் பூசிப் பதிப்பார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களிடம் கொடுத்தால் இந்த இரண்டு வளையம் அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. பித்தளையை அப்படியே வைத்தால் கடல்காற்றில் ஒரே மழைக்காலத்தில் கறுக்கும். நடிகர் இந்தத் துளை வழியாகத்தான் மேடையின் விளிம்பைப் பார்க்கிறார். ஓரத்தில் பிசிறு இல்லாமல் அரம் போடுங்கள். தாடிமயிர் அங்கே குதிரை மயிர். இங்கே வயலின் வில்லுக்கு விற்கும் மயிர் அதேதான், கறுப்புச் சாயம் ஏற்றினால் ஆயிற்று. 1 மி.மீ. துளை, 5 மி.மீ. ஆழம், பத்து மயிர் ஒரு கட்டு, மூங்கில் ஆணி வைத்து இறுக்கம். துளையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போடாவிட்டால் தாடி முன்னால் குத்திக்கொண்டு நிற்கும்.

பின்பக்கத்துக்கு அங்கே உருஷி அரக்கு, வியர்வை மரத்துக்குள் போகாமல் இருக்க. இங்கே ஒரு சுவாரசியம். உருஷிக்கு மாற்றாக ஜப்பானில் ‘கஷ்யூ’ என்றே ஒரு பூச்சு விற்கிறது, முந்திரித்தோட்டு எண்ணெயிலிருந்து செய்தது. நம்ம அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், தோட்டிலிருந்து வடிகிற அதே எண்ணெய். ஆனால் பச்சை எண்ணெயை வாங்கிவந்து பிரஷ்ஷால் பூசிவிடாதீர்கள். அண்டி உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவாமல் உட்காருவதில்லை, தோல் வெந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த எண்ணெய் படுகிற இடத்தில் நடிகரின் முகம் இருக்கப்போகிறது. பதப்படுத்தின பூச்சு கிடைக்காவிட்டால் தண்ணீர் தாங்கும் மர வார்னிஷ் இரண்டு கை பூசி, வாசம் முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். பிரெஞ்சு பாலிஷ் வியர்வை பட்டால் வெளுத்துப்போகும்.

கயிறு காது மட்டத்தில் இரண்டு துளையில். துளை மேலேயோ கீழேயோ நகர்ந்தால் முகத்தின் சாய்வு மாறிவிடும். சின்னச் சின்ன சாய்வை நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டும் துணித் திண்டால் சரிசெய்யலாம். திண்டு முகமூடியை மூக்கிலிருந்து விலக்கியும் வைக்கும், இல்லாவிட்டால் மூச்சும் பேச்சும் முட்டும். தூக்கும்போது கயிற்றுத் துளை உள்ள ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். பூச்சைத் தொட்டால் எண்ணெய்க்கறை, அது போகாது.

மழைக்காலம் இரண்டும் வந்துபோகிற ஊரில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை நிச்சயம். பருத்தித் துணிப்பையில் போட்டு, மரப்பெட்டியில், முகம் மேலே பார்க்க வையுங்கள். உதட்டுத் துவாரத்தில் தாள்கொடுக்கை விட்டுவைக்காதீர்கள்; தாள் ஈரம் குடித்து உப்பி, உதட்டோரப் பூச்சை உள்ளிருந்து தூக்கிவிடும்.